நாய் மேல் போல்கேட் பீச்சிவிட்டால் நாற்றத்தை எடுப்பது எப்படி

ராத்திரி படுக்கப்போகும் முன் நாயைப் பின்வாசலில் விடுகிறீர்கள், வேலியோரம் ஒரு உறுமல், ஒரு கத்தல், அடுத்த நிமிடம் அது மூக்கைப் புல்லில் தேய்த்துக்கொண்டே உங்களைத் தேடி ஓடி வருகிறது, நாய் வருவதற்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிடுகிறது. போல்கேட் என்கிற காட்டு விலங்கு, பயந்தால் பீச்சுகிற நாற்றத் திரவம் அது. இந்த நேரத்தில் முதல் வேலை கதவைச் சாத்துவது. பாவமாகத்தான் இருக்கும், அழும், கதவைப் பிராண்டும், இருந்தாலும் உள்ளே விடாதீர்கள். ஒரு தடவை ஹாலுக்குள் ஓடி சோபாவில் முகத்தைத் தேய்த்துவிட்டால் தொலைந்தது, நாயைக் கழுவுவது ஒரு மணி நேரத்து வேலை, சோபா நாற்றம் மாதக்கணக்கில் நிற்கும். இரண்டாவது, ஹோஸ் பைப்பைத் திறக்காதீர்கள். எல்லாரும் அவசரத்தில் அதைத்தான் செய்வார்கள். வெறும் தண்ணீருக்கு அந்த எண்ணெய்ப்பசை போகாது, உடம்பெல்லாம் பரவத்தான் செய்யும், அப்புறம் நாம் ஊற்றப்போகிற கலவையும் ஈர முடியில் நீர்த்துப்போகும். கண்ணுக்கு மட்டும் தண்ணீர் உடனே வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

இணையத்தில் தேடினால் ஸ்கங்க், ஸ்கங்க் என்றுதான் வரும். ஸ்கங்க் அமெரிக்கக் கண்டங்களின் விலங்கு, தென்னாப்பிரிக்காவில் கிடையாது. இங்கே நாயிடம் மாட்டுவது, அதாவது நாய் போய் மாட்டிக்கொள்வது, கோடு போட்ட போல்கேட். ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் ஸ்டிங்க்மேய்ஸ்ஹண்ட் என்பார்கள். பார்த்தால் ஸ்கங்குக்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் இது கீரியும் இல்லை, ஸ்கங்கும் இல்லை, வீசல் குடும்பம். கறுப்பு உடம்பு, தலையில் தொடங்கி முதுகு நெடுக நான்கு வெள்ளைக் கோடு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, புசுபுசுவென்று வால், எடை சுமார் ஒரு கிலோ. நாடு முழுக்க இருக்கிறது, ராத்திரியில்தான் வெளியே வரும், பூச்சியும் எலியும் தின்னும். புல்வெளியோ கரும்புத் தோட்டமோ வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், டோங்காட், ஸ்டாங்கர் பக்கமானாலும் சரி, லெனேசியா பக்கமானாலும் சரி, ஒரு நாள் நாய் அதை மோப்பம் பிடிக்க வாய்ப்பு உண்டு. அது உடனே பீச்சிவிடாது. முதலில் முடியைச் சிலிர்த்து, வாலைத் தூக்கி, முதுகைக் காட்டி நின்று சத்தம் போடும். சில சமயம் செத்த மாதிரி படுத்துவிடும். நம் நாய்க்கு அந்த எச்சரிக்கை எல்லாம் எங்கே புரிகிறது? செத்துவிட்டதா என்று மோந்து பார்க்கக் கிட்டப் போகும், முகத்திலேயே வாங்கிக்கொண்டு வரும். அதனால்தான் பெரும்பாலும் நாற்றம் தலை, கழுத்து, நெஞ்சில் இருக்கும், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். கழுவும் முன் எங்கே பட்டிருக்கிறது என்று மோந்து பார்த்துக்கொள்ளுங்கள், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்து முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரியும்.

கலவைக்குப் போகும் முன் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். ஒன்று கண். நாய் கண்ணை இடுக்கிக்கொண்டு காலால் தேய்த்தால் உள்ளே போயிருக்கிறது. வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரோ சலைனோ எடுத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக வழியும்படி சில நிமிடம் விட்டுக்கொண்டே இருங்கள். சோப்பு வேண்டாம், கலவைக்கு எடுக்கப்போகிற பெராக்சைடு பக்கத்திலேயே வரக்கூடாது. கழுவிய பிறகும் கண் சிவந்து மூடியே இருந்தால் காலையில் வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், காட்டிவிடுங்கள்.

இன்னொன்று கடி. இதை யாரும் முதலில் நினைப்பதில்லை, நாற்றம் அப்படி. ஆனால் காட்டு விலங்கோடு சண்டை போட்டு வந்த நாயின் மூக்கு, உதடு, காது, முன்கால் எல்லாவற்றிலும் பல் பட்ட காயம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு தேடுங்கள். ரேபிஸ் இந்த நாட்டில், அதிலும் க்வாசூலு-நட்டாலில், விளையாட்டு விஷயம் இல்லை. ராத்திரி நடமாடும் விலங்கு பட்டப்பகலில் பயமே இல்லாமல் முற்றத்துக்கு வந்திருந்தால் இன்னும் சந்தேகப்படவேண்டும். காயம் இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு வெட்டிடம் போங்கள், ஏற்கெனவே ஊசி போட்ட நாயாக இருந்தாலும் மறுபடி ஒரு ஊசி போடச் சொல்வார்கள். நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் ஊசி இங்கே சட்டப்படி கட்டாயம்: 3 மாத வயதில் முதல் ஊசி, அதிலிருந்து 12 மாதத்துக்குள் இரண்டாவது, அப்புறம் 3 ஆண்டுக்கு ஒரு தடவை. உங்களையே அந்த விலங்கு கடித்தோ கீறியோ இருந்தால் நாயின் குளியல் காத்திருக்கட்டும், காயத்தை ஒரு 10, 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக கிளினிக்குக்குப் போங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு எந்த மருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இப்போது கலவை. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், பைகார்ப் கால் கப், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன். அவ்வளவுதான். இந்தக் கணக்கு அமெரிக்காவில் பால் க்ரேபாம் என்ற வேதியியலாளர் 1993இல் வெளியிட்டது, அன்றிலிருந்து இன்றுவரை ஸ்கங்க் நாற்றத்துக்கு வெட்கள் சொல்வதும் இதுதான். லாப்ரடார் அளவு நாய்க்கு ஒரு லிட்டர் பற்றாமல் போகலாம், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு பங்கு தேவை, ஜாக் ரஸ்ஸலுக்கு அரைப் பங்கு போதும்.

மருந்துக்கடையில் கேட்கும்போது கவனம். பெராக்சைடு பாட்டிலில் சில சமயம் சதவீதம் இருக்காது, வால்யூம் என்று போட்டிருக்கும். 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், நமக்கு வேண்டியது அதுதான். 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், அது மட்டும்தான் கிடைத்தது என்றால் சரிபாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். முடிக்குச் சாயம் போடுவதற்கு விற்கும் 30, 40 வால்யூம் பக்கம் போகாதீர்கள், தோல் வெந்துபோகும், க்ரீம் வகையும் வேண்டாம். வீட்டில் முதலுதவிப் பெட்டியில் எப்போதோ வாங்கிய பாட்டில் இருக்கிறது என்றால் அதில் சத்து இருக்கிறதா என்று பாருங்கள்: பச்சை உருளைக்கிழங்கை ஒரு துண்டு வெட்டி அதன் மேல் நாலு சொட்டு விடுங்கள், வெள்ளையாக நுரை பொங்கினால் நல்லது, சும்மா நனைந்து கிடந்தால் அது வெறும் தண்ணீர் ஆகிவிட்டது. பைகார்ப் என்றால் நம் வீட்டில் ஆப்பத்துக்குப் போடுகிற சோடாதான். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அதில் புளிப்பும் மாவும் சேர்ந்திருக்கும், வேலை செய்யாது.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வேறு எதையும் கலக்கத் தோன்றாது. ஸ்கங்க் நாற்றத்துக்குக் காரணம் தயால் என்ற கந்தகச் சேர்மங்கள். சமையல் கேஸ் கசிந்தால் தெரியவேண்டும் என்று சிலிண்டரில் சேர்க்கிறார்களே ஒரு நாற்றம், அதே குடும்பம். காற்றில் கொஞ்சூண்டு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும், அதனால்தான் பாதி போய்விட்டது என்றால்கூடப் போகாத மாதிரியே இருக்கும். போல்கேட் சரக்கும் இதே கந்தக வகைதான். பெராக்சைடு அந்தக் கந்தகத்தோடு ஆக்சிஜனைச் சேர்த்து நாற்றமில்லாத வேறு பொருளாக மாற்றிவிடும். பைகார்ப் காரத்தன்மையைக் கொடுத்து அந்த மாற்றத்தை வேகப்படுத்தும். சோப்பு எண்ணெய்ப்பசையை முடியிலிருந்து கிளப்பி, மற்ற இரண்டும் உள்ளே போக வழிவிடும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலன் பாதிதான். அதனால் கூடவே கொஞ்சம் வினிகர் விடலாமே என்று தோன்றினால் வேண்டாம், வினிகர் பைகார்ப்பை முறித்துவிடும், பெராக்சைடோடு சேர்ந்து தோலை எரிக்கும் அமிலத்தையும் உண்டாக்கும்.

திறந்த பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், நாய் தயாராகக் கட்டிப்போட்டிருக்கும்போது கலக்குங்கள். கலந்த உடனே நுரைக்க ஆரம்பிக்கும், அந்த நுரைதான் சரக்கு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேகம் இறங்கிவிடும். முக்கியமாக இதைப் பாட்டிலிலோ ஸ்ப்ரே டப்பாவிலோ அடைத்து மூடி வைக்கக்கூடாது. ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், மூடிய பாட்டில் வெடிக்கும். கடையில் இது தயாராகக் கிடைக்காததற்கும் அதுதான் காரணம். மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

காலரைக் கழற்றி ஒரு பழைய கயிற்றால் நாயைக் கட்டுங்கள், இன்னொரு ஆள் கூட இருந்தால் நல்லது. நீங்கள் பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பெராக்சைடு பட்ட துணி வெளுக்கும். கறுப்பு நாயின் முடியும் கொஞ்சம் செம்பட்டை ஆகலாம், பயப்படவேண்டாம், புது முடி வந்தால் சரியாகிவிடும். உலர்ந்த முடியின் மேலேயே கலவையை ஸ்பான்ஜில் முக்கித் தடவி, விரலால் தோல்வரை தேய்த்து விடுங்கள். மேலோட்டமாக ஊற்றினால் போதாது, லாப்ரடார், ஹஸ்கி மாதிரி உள்முடி அடர்த்தியான நாய்களுக்கு அந்த எண்ணெய் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். கழுத்துக்குக் கீழே, காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், நெஞ்சில், இந்த இடங்களில் நேரம் செலவழியுங்கள். முகத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, பிழிந்த துணியால் கண்ணுக்கும் வாய்க்கும் விலகியே ஒற்றி எடுங்கள். அது நக்கத்தான் பார்க்கும், விடாதீர்கள், பெராக்சைடு வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கும். ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கோழித் துண்டோ பிஸ்கட்டோ காட்டிக்கொண்டிருந்தால் வேலை சுலபம்.

ஐந்து நிமிடம் ஊறட்டும். நாற்றம் கடுமையாக இருந்தால் பத்து நிமிடம்வரை விடலாம், ஆனால் காயம் உள்ள இடத்திலும் புண் உள்ள தோலிலும் போடவே போடாதீர்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். மின்வெட்டில் கீசர் ஆறிப்போயிருந்தால் கேஸ் அடுப்பில் ஒரு பானை காய்ச்சிக் கலந்துகொள்ளுங்கள், ஜூலை மாதக் குளிர்கால ராத்திரியில் ஜோஹன்னஸ்பர்க்கில் பச்சைத் தண்ணீரை நாய் மேல் ஊற்றுவது நியாயம் இல்லை. அலசிய பிறகு மோந்து பாருங்கள், அதைவிட நல்லது இதுவரை அந்தப் பக்கமே வராத ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வது, ஏனென்றால் இதற்குள் உங்கள் மூக்கு மரத்துப்போயிருக்கும். இன்னும் அடித்தால் புதுசாகக் கலந்து அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு தடவை போடுங்கள். கடைசியில் சாதாரண நாய் ஷாம்பு போட்டுக் கழுவித் துவட்டி, முழுக்கக் காயும்வரை வெளியிலோ கராஜிலோ வையுங்கள்.

மருந்துக்கடை மூடியிருக்கிறது, பெராக்சைடு இல்லை என்றால்? பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டு எண்ணெய்ப்பசையைக் குறைத்து, ராத்திரி கராஜில் படுக்க வைத்து, காலையில் நன்றாகக் காய்ந்த பிறகு முறைப்படி செய்யுங்கள். அதற்குப் பதிலாக வீட்டில் இருக்கிறதை எல்லாம் எடுத்து ஊற்றவேண்டாம். தக்காளி ஜூஸ் என்று எல்லாப் படத்திலும் காட்டுவார்கள், அது நாற்றத்தை எடுக்காது, மூக்கு போல்கேட்டுக்குப் பழகிப்போன நேரத்தில் தக்காளி வாசம் புதுசாகத் தெரிவதால் போய்விட்ட மாதிரி ஒரு பிரமை, அவ்வளவுதான். மஞ்சள் பூசினால் மஞ்சள் நாய் கிடைக்கும். சீயக்காய் எண்ணெயை எடுக்கும், கந்தகத்தை ஒன்றும் செய்யாது, கண்ணில் பட்டால் நமக்கே தாங்காது, நாய் என்ன செய்யும். எலுமிச்சையும் அப்படித்தான்.

இதில் உண்மையிலேயே ஆபத்தானது ஒன்று உண்டு. நம் வீடுகளில் ஆயா காலத்திலிருந்து வாசல் கழுவவும் சாக்கடைக்கு ஊற்றவும் ஜேய்ஸ் ஃப்ளூயிட் வைத்திருப்பார்கள், நாய்க்கும் அதில் இரண்டு மூடி வாளியில் விட்டுக் குளிப்பாட்டுகிற பழக்கம் இன்னும் சில வீட்டில் இருக்கிறது. நாற்றத்துக்கு நாற்றம் என்று தோன்றும். செய்யாதீர்கள். தாரிலிருந்து எடுக்கிற ஃபீனால் வகை அது, தோல் வழியாகவும் நக்குவதாலும் உடம்புக்குள் போய் நாய்க்கு விஷமாகும், பூனைக்கு இன்னும் மோசம். டெட்டாலும் அதே வரிசை. ஜிக் மாதிரி ப்ளீச்சும் நாய் மேல் படக்கூடாது. டீ ட்ரீ ஆயில், பாரஃபின், பெட்ரோல், இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

இவ்வளவும் செய்து நாய் மணக்க மணக்கத் திரியும், அடுத்த வாரம் டர்பனில் ஒரு மழை பெய்யும், நனைந்து வந்து நிற்கும், லேசாக மறுபடி அதே வாடை. உங்கள் வேலையில் குறை இல்லை. ஸ்கங்க் திரவத்தில் தயோஅசிட்டேட் என்று ஒரு வகையும் இருக்கிறது, அது முதலில் அவ்வளவாக நாறாது, பெராக்சைடுக்கும் சுலபத்தில் மசியாது, தண்ணீர் படப்பட மெதுவாக உடைந்து தயாலாக மாறும். அதனால்தான் ஈரம் பட்டால் நாற்றம் திரும்புகிறது. அடர்ந்த முடி நாய்க்குச் சில வாரம்கூட இப்படிப் போகும். நாற்றம் எழும்புகிற இடத்துக்கு மட்டும் சின்னதாகக் கலந்து போட்டால் போதும், அடிக்கடி முழு உடம்புக்கும் போட்டால் தோல் வறண்டு அரிப்பு எடுக்கும்.

கூடவே ஒன்றிரண்டு நாளைக்கு நாயைக் கவனியுங்கள். முகத்துக்கு நேராக நிறைய வாங்கிய நாய்களுக்கு, ஸ்கங்க் விஷயத்தில், அபூர்வமாக ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைவதைப் பார்த்திருக்கிறார்கள். சோர்ந்து படுத்தே கிடப்பது, ஈறு வெளுப்பது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, இதில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே வெட்.

வீட்டுக்குள் ஏறிய நாற்றத்துக்கு முதல் மருந்து ஜன்னல். எல்லாவற்றையும் திறந்து ஃபேன் போடுங்கள். சாம்பிராணி போட்டால் சாம்பிராணியும் போல்கேட்டும் சேர்ந்து அடிக்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. துவைக்கக்கூடிய துணியைத் தனியாக, வாஷிங் பவுடரோடு அரை கப் பைகார்ப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், நாற்றம் போகாத துணியை டிரையரில் போட்டால் டிரையரும் நாறும். சிமெண்ட் தரை, படிக்கட்டு என்றால் ஒரு பங்கு ஜிக்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவலாம், அது காயும்வரை நாய் அந்தப் பக்கம் வரக்கூடாது, ஜிக்கோடு பெராக்சைடு, வினிகர், அமோனியா உள்ள கிளீனர் எதையும் சேர்க்கக்கூடாது, வினிகரோ அமோனியாவோ சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். தோல் காலரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். நைலான் காலர் அதே கலவையில் ஊறினால் தேறிவிடும். வெட்டிடம் கொண்டுபோகவேண்டி வந்தால் காருக்குள் ஏற்றுவதைவிட, யாராவது சொந்தக்காரரிடம் மூடிய கூண்டு வைத்த பக்கி, அதாவது பிக்கப் வண்டி, இருக்கிறதா என்று கேளுங்கள்.

போல்கேட் ஒரு தடவை வந்தது என்றால் அங்கே அதற்குச் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். நாயின் சாப்பாட்டுத் தட்டு ராத்திரி வெளியே கிடக்கிறதா, குப்பைப் பை வேலியோரம் திறந்து கிடக்கிறதா, கோழிக்கூட்டில் சிந்திய தானியத்துக்கு எலி வருகிறதா என்று பாருங்கள். கோழிக்கூட்டுக் கம்பிவலையின் அடியையும் பாருங்கள், இது மண்ணைத் தோண்டும். விறகுக் குவியலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். அதற்காக விஷம் வைக்காதீர்கள், எலி பிடித்துத் தின்கிற விலங்கு அது, விஷம் தின்ற எலியை நாளைக்கு உங்கள் நாயும் தின்னலாம். ராத்திரி கடைசித் தடவை வெளியே விடும்போது கொஞ்ச நாளைக்குக் கயிற்றில் பிடித்துக்கொண்டே போங்கள், போகும் முன் வெளி விளக்கைப் போட்டு ஒரு நிமிடம் சத்தம் கொடுத்தால் அது தானாகவே விலகிப் போய்விடும், அதற்கும் நம்மோடு சண்டை போட ஆசை இல்லை. அப்புறம் அடுத்த தடவை மருந்துக்கடைக்குப் போகும்போது 10 வால்யூம் பாட்டில் ஒரு லிட்டருக்கு வருகிற மாதிரி வாங்கி, திறக்காமல், வெயில் படாத அலமாரியில் ஒரு பெட்டி பைகார்ப்போடு வைத்துவிடுங்கள், கலக்காமல்.